ஷெவெல்ல 5.3 எல்எஸ் இறக்குறீங்களா, மேனிபோல்டை முதல்ல முடிவு பண்ணுங்க

கேள்வி என்னன்னா, நண்பர்கிட்ட 1970 ஷெவெல் மாலிபு (ஷெவர்லே கம்பெனியோட பழைய அமெரிக்க கார்) இருக்கு, அதுல இருந்த 307 கன இன்ச் வி8 இன்ஜின் போயிடுச்சு, 2004 சில்வராடோ பிக்கப்ல இருந்து கழட்டின 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜினும் (ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜிஎம்மோட எல்எஸ்ங்கிற வி8 குடும்பத்துல ஒண்ணு) 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வாங்கி வச்சிருக்கார். இன்ஜினோட வந்த பிக்கப் மேனிபோல்டையே (சிலிண்டர் புகையை ஒண்ணா சேத்து வெளிய விடுற வார்ப்புக் குழாய்) மாட்டிக்கலாமா, இல்ல ஹெடர் (சிலிண்டருக்கு ஒரு தனி பைப்பா வளைச்சுச் செஞ்சது) வாங்கணுமா, ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற செட்டை நம்பலாமான்னு கேட்டிருக்கார். கூடவே "இதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்னு இருக்கேன், முதல்ல இன்ஜினை இறக்கிடுறேன்"னு ஒரு வரி எழுதியிருக்கார் பாருங்க, அந்த வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

கடைசியில பாத்துக்கலாம்னு விடாதீங்க. நானும் என் முதல் வண்டியில அப்படித்தான் விட்டேன். மவுண்ட் பிளேட்டு (இன்ஜினை சேசிஸ்ல உக்கார வைக்கிற தகடு) ஒரு இடத்துல, ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இன்னொரு இடத்துல, ஹெடர் மூணாவது இடத்துலன்னு எங்க மலிவா கிடைச்சுதோ அங்கங்க வாங்கி, எல்லாம் "ஷெவெலுக்குப் பொருந்தும்"னுதான் போட்டிருந்துச்சு, தனித்தனியா பாத்தா பொருந்தவும் செஞ்சுது. மூணையும் ஒண்ணா வச்சதும்தான் ஏழாம் நம்பர் சிலிண்டர் பைப் ஸ்டீயரிங் ஷாப்ட்ல ஒரு பேப்பர் நுழையுற அளவுக்கு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நிக்கும்போது படலையே, போதும்னு விட்டுட்டேன். கியர்ல போட்டு மிதிச்சா டங்குனு ஒரு சத்தம், அது கையில ஸ்டீயரிங் வழியாவே தெரியும்.

ஏன்னா இன்ஜின் சும்மா உக்காந்திருக்கிற பொருள் இல்ல. முன்னாடி நின்னு பாத்தா கிராங்க் கடிகாரம் சுத்துற பக்கமா சுத்துது, அதோட எதிர்விசையில மொத்த இன்ஜினும் மறுபக்கம் புரளப் பாக்கும், அதாவது டிரைவர் பக்கம் மேல எழும்பும். இது அமெரிக்க வண்டி, டிரைவர் இடது பக்கம், ஸ்டீயரிங் பெட்டியும் ஷாப்டும் அந்தப் பக்கமேதான். எங்க இடம் கம்மியோ சரியா அங்கதான் இன்ஜின் ஆடும். அதனால ரப்பர் மவுண்ட்டா இருந்தா சுத்தி எல்லாப் பக்கமும் அரை இன்ச் இடைவெளி இருக்கணும்கிறது என் கணக்கு, பாலியூரிதேன் மவுண்ட்னா கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ஓடும்.

இப்ப ஏன் எல்லாத்தையும் சேத்தே முடிவு பண்ணணும்னு சொல்றேன். பழைய ஸ்மால் பிளாக்குக்கு (அந்த 307 மாதிரி பழைய ஷெவர்லே வி8) பக்கத்துக்கு மூணு போல்ட் மவுண்ட், எல்எஸ்சுக்கு நாலு போல்ட், இடமும் வேற. நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் போட்டுத்தான் பழைய மவுண்ட்டுல உக்கார வைக்கணும், அந்த பிளேட்டுல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்துல ஓட்டை போடுறாங்க, ஒண்ணு இன்ஜினை பழைய இடத்துலயே வைக்கும், இன்னொண்ணு ஒரு இன்ச் பின்னாடி தள்ளும். ஒரு இன்ச்தானேன்னு தோணும். அந்த ஒரு இன்ச்ல ஹெடர் பைப் ஸ்டீயரிங் பெட்டிக்கு முன்னாடி இறங்குறதா பின்னாடி இறங்குறதாங்கிறதே மாறிடும். சம்ப்பும் அப்படித்தான், பிக்கப்போட சம்ப் ரொம்ப ஆழம், ஷெவெல்ல கிராஸ் மெம்பருக்குக் (சேசிஸ்ல குறுக்க போற இரும்பு) கீழ தொங்கும், வேகத்தடையில முதல்ல அடிபடுறது அதுதான், அதனால அதை எப்படியும் மாத்தப் போறீங்க. மாத்துற சம்ப்போட வடிவத்தைப் பொறுத்துத்தான் இன்ஜின் எவ்ளோ கீழ உக்காரும், டை ராடு இணைப்பெல்லாம் அதுக்கு அடியில இடிக்காம போகுமாங்கிறது. இன்ஜின் உயரம் மாறினா ஹெடரோட உயரமும் மாறும். ஆக மவுண்ட், சம்ப், மேனிபோல்டு மூணும் ஒரே கம்பெனி ஒரே செட்டா வடிவமைச்சதா வாங்கிட்டீங்கன்னா பாதி தலைவலி தீந்துச்சு. ஹோலி காரங்க அப்படி சம்ப், மவுண்ட், கிராஸ் மெம்பர், ஹூக்கர் பேர்ல மேனிபோல்டுன்னு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி விக்கிறாங்க. விலை கூடத்தான். எனக்கு யாரும் கமிஷன் தரல, தனித்தனியா வாங்கி நொந்தவன் சொல்றேன்.

சரி, பிக்கப் மேனிபோல்டு. அது நல்ல பொருள், கனமான வார்ப்பு, சீக்கிரம் வெடிக்காது, சத்தமும் அடக்கமா இருக்கும். ஆனா அது பிறந்தது அகலமான சேசிஸ் உள்ள பிக்கப்புக்கு, வாய் பின்பக்கமா வெளிய தள்ளிக் கீழ இறங்கும். ஷெவெல்ல இடது பக்கம் அது ஸ்டீயரிங் பக்கமா போய் நிக்கும், வலது பக்கம் சேசிஸ் மேல உக்காரும். சேசிஸை கொஞ்சம் வெட்டி வழி பண்ணிட்டேன்னு சொல்றவங்களும் இருக்காங்க, மேனிபோல்டுக்காக சேசிஸை வெட்டுறது எனக்குச் சரின்னு படல.

அதுக்குப் பதிலா வேற ஜிஎம் வண்டியோட மேனிபோல்டுங்க நிறைய ஒத்துவரும், ஏன்னா 1997ல கார்வெட்ல எல்எஸ்1 வந்ததுல இருந்து இந்தக் குடும்பத்துல ஜென் 3, ஜென் 4 (மூணாம், நாலாம் தலைமுறை) ரெண்டுலயும் எக்ஸாஸ்ட் பக்கத்து போல்ட் அமைப்பை மாத்தவே இல்ல, பக்கத்துக்கு ஆறு போல்ட், எட்டு எம்எம், 1.25 மரை. இதுதான் இந்த இன்ஜினோட பெரிய வரம். 2010ல இருந்து 2015 வரைக்கும் வந்த கமாரோ எஸ்எஸ்சோட மேனிபோல்டு இன்ஜினை ஒட்டினாப்ல ஒல்லியா இறங்கும், பழைய உடைப்பு வண்டிக் கடையில குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும், அதைத்தான் நிறைய பேர் போடுறாங்க. இப்படி இன்ஜின் மாத்துறதுக்குன்னே வார்க்குற காஸ்ட் அயர்ன் மேனிபோல்டும் இருக்கு, அது இன்னும் சுலபம்.

ஹெடர் போட்டா பவர் ஏறுமான்னா, ஏறும், ஆனா உங்க இன்ஜின்ல நீங்க நினைக்கிற அளவு இல்ல. ஹெடர் எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும்போது பைப்புல ஒரு அழுத்த அலை ஓடுது, நாலு பைப்பும் சேர்ற கலெக்டர்ல அது விரிஞ்சு ஒரு உறிஞ்சுற அலையா திரும்பி வருது, அது இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்துல லேசா திறந்திருக்கிற அந்த நொடியில வந்து சேந்தா மிச்சப் புகையை உறிஞ்சிட்டு புதுக் காத்தையும் உள்ள இழுத்துவிடும். பைப் நீளம் அந்த நேரத்தைத் தீர்மானிக்குது. ஆனா பிக்கப் 5.3ல வர்ற கேம்ல (வால்வைத் திறந்து மூடுற தண்டு) ரெண்டு வால்வும் சேந்து திறந்திருக்கிற நேரம் ரொம்பக் கம்மி, கதவே திறக்காதப்ப வாசல்ல நின்னு உறிஞ்சி என்ன பிரயோஜனம். நாளைக்கு கேம் மாத்தப் போறீங்கன்னா லாங் டியூப் (நீளமான பைப் உள்ள ஹெடர்) நியாயம், 1¾ இன்ச் பைப், 3 இன்ச் கலெக்டர் இந்த இன்ஜினுக்கு தாராளம். கேம் மாத்த மாட்டேன், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஐஸ்கிரீம் சாப்பிடப் போற வண்டிதான்னா காஸ்ட் மேனிபோல்டைப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. லாங் டியூப் தரையைத் தேய்க்கும், சூடு வீசும், ஒவ்வொரு பிளக் மாத்துறப்பவும் உங்களைத் திட்ட வைக்கும்.

மலிவு ஹெடர் செட்டைப் பத்திக் கேட்டீங்க. எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், பெட்டியைத் திறந்ததும் மூணு விஷயம் பாருங்க. ஒரு நல்ல இரும்பு ஸ்கேலை பிளேஞ்ச் (இன்ஜின்ல ஒட்டுற தட்டை முகம்) மேல நெட்டுக்க வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, நடுவுல வெளிச்சம் கசிஞ்சா வெல்டிங் சூட்டுல வளைஞ்சிருக்கு, லேசான வளைவுன்னா பெல்ட் சாண்டர்ல சமப்படுத்தலாம், அதிகம்னா திருப்பி அனுப்புங்க. அப்புறம் போர்ட் (புகை வர்ற துளை) வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவுங்க, வெல்ட் உள்பக்கமா பிதுங்கிக்கிட்டு இருக்கும், அதை அரைச்சு எடுக்கணும். மூணாவது, போல்ட்டை ஓட்டையில வச்சு ஸ்பானர் போடுறதுக்கு இடம் இருக்கான்னு மேசை மேல வச்சே பாத்துடுங்க, பைப் வளைவு போல்ட் தலை மேலயே படுத்திருக்கும் சிலதுல, அங்க சாக்கெட் ஏறாது, தலை சின்னதா இருக்கிற பன்னிரண்டு பட்டை போல்ட் வாங்கித்தான் முடுக்கணும். வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு இதைக் கண்டுபிடிச்சா வாயில என்ன வார்த்தை வரும்னு எனக்குத் தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். உங்க இன்ஜின் 2004 மாடல்னு சொன்னீங்க, பழைய மேனிபோல்டைக் கழட்டும்போது ஒரு போல்ட்டாவது ஏற்கனவே உடைஞ்சிருக்கும், பெரும்பாலும் முதல் கோடியிலயோ பின் கோடியிலயோ இருக்கிறது. இது இந்த இன்ஜினோட ஊரறிஞ்ச வியாதி. ஏன் கோடியில மட்டும்னா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. எல்எஸ்ல ஒரு சிலிண்டர் நடுப்புள்ளியில இருந்து அடுத்ததுக்கு 4.4 இன்ச், அப்ப முதல் போர்ட்ல இருந்து நாலாவது போர்ட் வரைக்கும் சுமார் 335 எம்எம். மேனிபோல்டு வார்ப்பிரும்பு, 500 டிகிரி சூடு ஏறினா அந்த நீளத்துல 1.8 எம்எம் விரியும். ஹெட் (சிலிண்டருக்கு மேல மூடியா இருக்கிற பகுதி, மேனிபோல்டு இதுலதான் மாட்டுது) அலுமினியம், சூட்டுல இரும்பை விட ரெண்டு மடங்கு விரியுற உலோகம், ஆனா தண்ணி ஓடுறதால 80 டிகிரிதான் ஏறும், அது விரியுறது 0.6 எம்எம். மிச்சம் 1.2 எம்எம் இருக்கே, அந்த அளவு மேனிபோல்டு ஹெட் மேல வழுக்கிப் போகணும். நடுவுல இருக்கிற போல்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது, மொத்த இழுவையும் கோடி போல்ட் தலையிலதான். புதுசுல வழுக்கும், துருப்பிடிச்சதும் வழுக்காது, ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அந்தப் போல்ட்டை ரெண்டு பக்கமும் வளைச்சு வளைச்சு ஒரு நாள் தலை தெறிச்சிடும்.

அதனால இன்ஜின் வெளிய ஸ்டாண்டுல இருக்கும்போதே இந்த வேலையை முடிச்சிடுங்க, உள்ள இறக்கினதுக்கு அப்புறம் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஹெட்டுக்கும் நடுவுல கைய விட்டு உடைஞ்ச போல்ட் எடுக்கிறது எதிரிக்கும் வேண்டாம். கழட்டுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஊற விடுங்க, இம்பாக்ட்டை வச்சு டர்ருனு அடிக்காம கையால முன்ன பின்ன ஆட்டி ஆட்டி எடுங்க. உடைஞ்ச துண்டு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அது மேல ஒரு நட்டை வச்சு நட்டோட ஓட்டை வழியா மிக் வெல்ட் நிரப்பிடுங்க, சிவப்பு மறையுற வரைக்கும் காத்திருந்து, இன்னும் சூடு இருக்கும்போதே ஸ்பானர் போட்டு மெதுவா ஆட்டினா பத்துக்கு எட்டு வந்துடும், அந்தச் சூடுதான் மரையை இளக்குது, நட்டு சும்மா ஒரு பிடிதான். உள்ளயே புதைஞ்சு உடைஞ்சிருந்தாலும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா வெல்டைச் சேத்து மேல கொண்டு வந்துடலாம், ஹெட் அலுமினியங்கிறதால இரும்பு வெல்ட் அதுல பிடிக்காது, பயப்படாதீங்க. ஈஸி அவுட் (உடைஞ்ச போல்ட்டுல துளை போட்டு உள்ள முடுக்கி எடுக்குற கருவி) மட்டும் வேண்டவே வேண்டாம். அது உள்ள உடைஞ்சா அதைத் துளைக்கிற டிரில் பிட் உங்ககிட்ட இருக்காது, அப்புறம் ஹெட்டைக் கழட்டி லேத் பட்டறைக்குத்தான் தூக்கணும். மரை போயிடுச்சுன்னா ஹெலிகாயில் (புது மரையா உள்ள வைக்கிற கம்பிச் சுருள்) போடுங்க, நல்லாத்தான் பிடிக்கும்.

மாட்டும்போது எல்லா ஓட்டையிலயும் எட்டு எம்எம் டேப்பை ஒரு தடவை ஓட்டி காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க. கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீல்ல வர்றது போடுங்க, ஹெடர் பெட்டியில இனாமா வர்ற அட்டை மாதிரி கேஸ்கெட்டை குப்பையில போட்டுடுங்க. டார்க் (முடுக்குற விசை) நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் வெளிய போகணும், முதல் சுத்து 15 நியூட்டன் மீட்டர், ரெண்டாவது சுத்து 25. இது ரொம்பக் கம்மியா இருக்கேன்னு இன்னொரு இழுப்பு இழுக்காதீங்க, எட்டு எம்எம் போல்ட், அலுமினிய மரை. ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கப் போடுற பசை) தடவினா கொஞ்சம் குறைச்சே முடுக்குங்க, வழுக்குறதால அதே டார்க்குல போல்ட் அதிகமா இழுபடும்.

அந்தப் போல்ட் விஷயத்துல நான் பட்டதையும் சொல்லிடுறேன். என் ரெண்டாவது வண்டி, ஓடுது, ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக் டிக்னு டப்பெட் மாதிரி சத்தம், அஞ்சு நிமிஷத்துல காணாமப் போயிடும். பெட்ரோல் குடிச்சுது, டெயில் பைப்புல கரி. லேப்டாப் மாட்டிப் பாத்தா ஒரு பேங்க்ல (ஒரு பக்கத்து நாலு சிலிண்டர்) மட்டும் ஃப்யூயல் ட்ரிம் 20 சதவீதம் கூட்டல்ல நிக்குது, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருக்கு. இன்ஜெக்டர் மாத்தினேன், ஆக்ஸிஜன் சென்சார் மாத்தினேன், மூணு வாரம் போச்சு. ஒருநாள் வேக்கம் கிளீனரோட ஊதுற பக்கத்தை டெயில் பைப்புல சொருகி, சோப்புத் தண்ணியை மேனிபோல்டு ஓரமா அடிச்சேன். ஏழாம் நம்பருக்குப் பின்னாடி சின்னப் பிள்ளைங்க ஊதுற மாதிரி நுரை பொங்கி வருது. கோடி போல்ட் தளர்ந்து கிடந்துச்சு. அந்த இடுக்குல ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல வெளிக்காத்து உள்ள போகுது, அந்தக் காத்தை சென்சார் பாத்துட்டு "ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கு, பெட்ரோல் கம்மி"ன்னு பொய் சொல்லியிருக்கு. சூடானதும் இரும்பு விரிஞ்சு இடுக்கை கொஞ்சம் அடைச்சுக்கும், அதான் சத்தம் நிக்குது. ரெண்டு பேங்க்லயும் ட்ரிம் ஏறினா பெட்ரோல் பம்ப் பக்கம் பாருங்க, ஒரே பக்கம் ஏறினா முதல்ல இதைப் பாருங்க.

சென்சார் பத்தி வந்ததால, ஹெடர்ல 18 எம்எம் மரையோட குமிழ் வெல்ட் பண்ணி வரும், அது பைப்போட மேல்பாதியில சரிவா இருக்கணும், படுக்கையாவோ கீழ்ப்பக்கமோ இருந்தா காலையில தேங்குற தண்ணி சென்சார்ல சேந்து உள்ள இருக்கிற பீங்கானை உடைச்சிடும். பின்னாடி சென்சார் ரெண்டையும் இன்ஜின் கம்ப்யூட்டர் ட்யூன்ல நிறுத்திடலாம், முன்னாடி ரெண்டு மட்டும் போதும். லாங் டியூப்ல கலெக்டர் தூரமா போறதால வயரை நீட்ட வேண்டியிருக்கும், பைப்புல படாம கட்டுங்க.

ஒத்திகைக்கு வர்றேன். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு தடவை இறக்கி, ரெண்டு பக்கமும் மேனிபோல்டை ரெண்டு ரெண்டு போல்ட்ல மாட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்க. பிள்ளைங்க விளையாடுற களிமண்ணு உருண்டை இருக்கே, அதைச் சந்தேகமான இடத்துலெல்லாம் ஒட்டிவிட்டு இன்ஜினோட இடது பக்கத்தை ஜாக்கியால லேசா தூக்கி இறக்குங்க, எங்க நசுங்குதோ அந்த அளவுதான் இடைவெளி. அப்புறம் மேனிபோல்டைக் கழட்டாம ஸ்டார்டர் மோட்டரை வெளிய எடுக்க முடியுதான்னு பாருங்க, அது வலது பக்கம் கீழ இருக்கு. ஆயில் ஃபில்டர் இடது பக்கம் பின்னாடி, அதையும் சுத்திக் கழட்டிப் பாருங்க. சில லாங் டியூப்ல ஃபில்டர் கழட்டினா ஆயில் நேரா பைப் மேலதான் ஊத்தும். டிப்ஸ்டிக் குழாய் வலது பக்கம் பைப்புங்களுக்கு நடுவுல நெளிஞ்சு வரணும், அதை மறந்துட்டு கடைசியில வளைக்கிறவங்கதான் அதிகம்.

ஸ்டீயரிங் ஷாப்ட்டோட கீழ் முனையில ஒரு ரப்பர் வட்டு இணைப்பு இருக்கும், ஹெடர் அதுக்குப் பக்கத்துல போனா ரப்பர் வெந்துடும். அங்க யுனிவர்சல் ஜாயின்ட் வச்ச ஒல்லி ஷாப்ட் போட்டுட்டா இடமும் கிடைக்கும் பயமும் போகும். பைப்பை அடிச்சு நசுக்குறதை விட ஷாப்டை மாத்துறது நல்லது. ஸ்டார்டருக்கும் பிளக் வயர் நுனிக்கும் சூடு தாங்குற உறை போட்டுடுங்க. சாதா இரும்பு ஹெடர்ல துணிப் பட்டை சுத்தாதீங்க, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உள்ளுக்குள்ளயே அரிக்கும், செராமிக் கோட்டிங் பண்ணதா பாத்து வாங்குங்க.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணா கோட்டிங்கும் கைரேகை எண்ணெயும் எரிஞ்சு கொஞ்ச நேரம் புகையும், பயந்து தண்ணி ஊத்தாதீங்க. நல்லா சூடாக விட்டு, முழுசா ஆறினதுக்கு அப்புறம் எல்லா போல்ட்டையும் அதே 25ல ஒரு தடவை பாருங்க, ஹெடர்னா நூறு மைல் ஓட்டிட்டு இன்னொரு தடவை.

அப்புறம் அந்தப் பிக்கப் மேனிபோல்டை பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடாதீங்க. அதைத் திருப்பி முன்பக்கம் பாக்க மாட்டி டர்போ வைக்கிற பசங்க வாங்கிப்பாங்க, விரிசல் இல்லைன்னா கேஸ்கெட் காசாவது தேறும்.